பதினைந்தே கால்

புளியரைச் சாவடியில் இருபத்திரண்டு வருஷமாய்
மரம் எண்ணுகிறேன்.
தேக்கு நாற்பத்தொரு துண்டு. அயினி பதினேழு.
பர்மிட்டைத் திருப்பி, டார்ச் அடித்து,
வெட்டுமுகத்தில் சுத்தியல் முத்திரை விழுந்திருக்கிறதா
அவ்வளவுதான்.
தார்ப்பாய்க்குக் கீழே இருந்ததெல்லாம் எனக்குக்
கன அடி.

செங்கோட்டை மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
ஞாயிறுதோறும் வகுப்பு.
நடத்துகிறவள் புனலூர்க்காரி லிஜி, வயது இருபத்தாறு.
படிக்கிறவர்கள் ஒரு பல் டாக்டர்,
கூட்டுறவு வங்கியில் நகை எடை போடும் பையன்,
பிறகு நான்.

முதல் மாதம் மரத்தைக் கண்ணில் காட்டவில்லை.
இழைப்புளித் தகட்டைத் தீட்டுங்கள் என்றாள்,
முன்கை மயிர் சிரைக்கிற வரைக்கும்.
என் இடது கை வழுக்கையானது.
சாவடியில் தோல் வியாதியா என்று விசாரித்தார்கள்.

அப்புறம் பலா.
எதிர்ப்போக்கில் தள்ளியதும் கொத்தாய்ப் பிய்ந்தது.
பலகையைத் திருப்பிப் போட்டாள், ஒன்றும் பேசாமல்.
மஞ்சளாய் ஒரு சுருள்
தகட்டின் வாயிலிருந்து எழுந்து
என் மணிக்கட்டில் விழுந்தது.
எத்தனை லோடு பலா பாஸ் பண்ணியிருப்பேன்.
உள்ளே இந்த நிறம் என்று
ஒரு பர்மிட்டிலும் இல்லை.

குடுமா என்பாள் லிஜி.
நோட்டில் குடுமி என்று எழுதிக்கொண்டேன்.
பங்குனியில் வழுக்கிக்கொண்டு நுழைந்த குடுமி
ஆனிச் சாரலில் குழிக்குள் போக மறுத்தது.
செதுக்கப் போனேன்.
"மழைக்காக வெட்டினா தையில ஆடும் சாரே."

நாற்காலி வரையச் சொன்ன அன்று
உயரம் பதினெட்டு அங்குலம் என்று போட்டேன்,
கடைக்கணக்கு.
யாருக்கு?
வீட்டுக்கு.
"வீடு உட்காராது. ஆளைச் சொல்லுங்க.
முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்துட்டு வாங்க."

குழல்வாய்மொழி தோசை திருப்பிக்கொண்டிருந்தாள்.
டேப்போடு பின்னால் குந்தினேன்.
"என்னது, என்னத்தைத் தொலைச்சீங்க?"
அசையாதே.
"அடுப்பு எரியுது."
பதினைந்தே கால்.
மறுபடி அளந்தேன். பதினைந்தே கால்.

வீட்டில் நாற்காலி ஐந்து.
பிளாஸ்டிக் மூன்று, தேக்கு இரண்டு.
ஐந்தும் பதினெட்டு.

நுனியில்தான் உட்காருவாள் எப்போதும்.
எழுந்து போகத் தயாராய் இருக்கிறாள் என்று நினைப்பேன்.
கோபம் என்றுகூட, சில ராத்திரிகளில்.
சாய்ந்து உட்காரேன் என்று எத்தனை தடவை
அதட்டியிருக்கிறேன்.
கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன்.
வாடகை சிம்மாசனத்தில் நான் கால் பரப்பி.
பக்கத்தில் பட்டுக்கரைக்குக் கீழே
தரையைத் தேடிக்கொண்டு
மருதாணி வைத்த பத்து விரல்கள்.

பத்தொன்பது வருஷம்,
இரண்டே முக்கால் அங்குலம்.

லிஜியிடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
"கால் எதுக்கு, பதினஞ்சுன்னு வைக்கலாமே" என்றான் வங்கிப் பையன்.
வேண்டாம் என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
பல் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

பதினொரு ஞாயிறு.
பின்னங்கால் ஒன்று உளி பட்டுப் பிளந்தது,
இன்னொன்று செய்தேன்.
தை பிறந்து நான்காம் நாள்
லாரிக் கயிற்றால் மொபெட்டில் கட்டி
பண்பொழி ரோட்டில் கொண்டுவந்தேன்.

சின்ன வெங்காயச் சுளகோடு வந்து உட்கார்ந்தாள்.
முதலில் நுனியில், பழக்கம்.
பிறகு பின்னால் நகர்ந்தாள்.
இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.
நாலைந்து வெங்காயம் உரித்தபின்
"ஒரு கால் கிரீச்சுங்குது" என்றாள்.

கழற்றிச் சரிபண்ணட்டுமா?

"சாரல் வந்தா ஊறித் தானா வாயை மூடிக்கும்.
நம்ம பின்கதவு மூடலையா, வருஷா வருஷம்."

அவள் கடைக்குப் போன நேரம்
நான் உட்கார்ந்து பார்த்தேன்.
என் முழங்கால்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன,
யார் வீட்டுக்கோ வந்தவன் மாதிரி.